இடி கேட்காத சாயப்பட்டறை

ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு பிற்பகல், ஈரோட்டுக்கு மேற்கே செம்மண்காட்டுத் தொழிற்பேட்டையின் மேல் பெரிய இடி ஒன்று இடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நிறுத்தி வைத்திருந்த வண்டிகள் தாமாகவே அலறின. தேநீர்க் கடையில் நின்றிருந்தவர்கள் ஒருகணம் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, மாவட்ட ஆய்வு அலுவலகத்தின் கேட்பறையில் தொழிற்சாலைச் சத்தங்களைக் கண்காணித்தபடி உட்கார்ந்திருந்த அமல்தாஸ், ஆய்வாளர் திலகவதி உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"நேத்து இடிச்ச இடியைப் பாத்தீங்களா மேடம்?"

"இடியை எங்கப்பா பாக்கறது? கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க, நான் கேட்டேன். பேட்டையில இருக்கற அத்தனை செவியும் கேட்டிருக்கு. ஒரே ஒரு பாய்லர் மட்டும் கேக்கல."

திலகவதி சிரித்துக்கொண்டேதான் திரையைப் பார்த்தாள். பேட்டையின் வரைபடத்தில், இடி விழுந்த நொடியில் எல்லாத் தொழிற்சாலைகளின் கோடுகளும் துள்ளி எழுந்திருந்தன. நடுவில் ஒரு கோடு மட்டும் அசையாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது. அது கொங்குமலர் சாயப்பட்டறை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

செவி என்பது ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே உள்ள வில்லை. உலோகம் கிழிவதற்கு முன் முனகும். மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்கு மெல்ல, நுணுக்கமாக முனகும். பாய்லரின் உடம்பில் ஒட்டிவைத்த வில்லை அதைக் கேட்டு அலுவலகத்துக்குச் சொல்லும். முனகல் அளவைத் தாண்டினால், யாரையும் கேட்காமல் உலையின் காற்றாடியை நிறுத்திப் பூட்டு போட்டுவிடும். அந்தப் பூட்டை அமைச்சர் சொன்னாலும் தொலைபேசியில் திறக்க முடியாது. ஆய்வாளர் நேரில் வந்து, தொட்டுப் பார்த்து, தன் கையால்தான் திறக்க வேண்டும்.

செவிகள் வருவதற்கு முந்திய காலம் திலகவதிக்கு நினைவிருந்தது. அப்போது ஒரு தொழிற்சாலை ஆய்வாளரின் முகத்தைப் பார்ப்பது, கும்பாபிஷேகம் பார்ப்பதைப் போல. ஜீப் வாசலில் திரும்புவதற்குள் பெட்டிக்குள் கிடந்த தலைக்கவசங்கள் எல்லார் தலையிலும் ஏறியிருக்கும். பிஸ்கட்டும் தேநீரும் வரும். விபத்து நடந்த பிறகு போய், சுண்ணாம்புக்கோடு போட்ட தரையைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் பாதி வேலை. அந்தக் காலத்தை முடித்து வைத்த துறை என்று அவளுக்குத் தன் துறையின் மேல் ஒரு கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

"செவி பழுதாகியிருக்கும்," என்றாள்.

"பழுதானா ஊமையாயிடணும் மேடம். இது பாடிக்கிட்டு இருக்கு. மூணு மாசமா ஒரே பாட்டு. ஒரு இருமல் இல்ல, ஒரு தும்மல் இல்ல. உயிரோட ஓடற பாய்லர் அப்படி இருக்காது. யாரோ பதிஞ்சு வெச்ச சத்தத்தை அதுக்குப் போட்டுக் காட்டறாங்க."

"கொங்குமலர்ப் பொம்பளைங்களா? அமல், அவங்களை உனக்குத் தெரியாது."

"எனக்கு அவங்களைத் தெரியாதுதான். இடியைத் தெரியும்."

திலகவதி கையடக்கச் செவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் தொலைபேசியில் சொல்லாமல் கிளம்பினாள். ஓட்டுநர் இல்லாத துறை வண்டி மழைச் சேற்றில் மெதுவாகப் போயிற்று. அங்கே போய்ச் சேர மனமில்லாத அவளுக்கு அந்த வேகமே போதுமாக இருந்தது.

கொங்குமலர் பெண்கள் கூட்டுறவுச் சாயப்பட்டறைக்கு ஒரு கதை உண்டு. பழைய முதலாளி ஒருநாள் பூட்டிவிட்டுக் காணாமல் போனான். அங்கே வேலை செய்த பெண்கள் வேறு வேலை தேடிப் போகவில்லை. வாசலிலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கி உட்கார்ந்தார்கள். சங்கம் பதிந்தார்கள், வழக்காடினார்கள், பட்டறையைத் தங்கள் பெயருக்கு வாங்கினார்கள். பெண்களால் பாய்லர் ஓட்ட முடியுமா என்று கேட்டவர்களிடம் திலகவதிதான் அவர்களுக்காக வாதாடி முதல் உரிமம் வாங்கிக் கொடுத்தாள். 'நிறுத்தம் இன்றி ஓடிய நாட்கள்' என்று எல்லாத் தொழிற்சாலை வாசலிலும் துறை மாட்டியிருந்த மின்பலகையில், மாநிலத்திலேயே பெரிய எண் கொங்குமலரில்தான் ஓடியது. அதற்கான கேடயத்தையும் அவள் கையால்தான் கொடுத்திருந்தாள்.

சங்கத் தலைவி நாகமணி வாசலுக்கே வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை; பழைய முதலாளி காலத்தில் பிழியும் இயந்திரம் கொண்டுபோனவை.

"வாங்க மேடம், வாங்க! சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறீங்க. நனைஞ்சு போட்டீங்களே. பர்வீனு, டீ சொல்லு கண்ணு!"

"டீ அப்புறம் குடிக்கலாம்க்கா. முதல்ல பாய்லரைப் பாக்கணும்."

நாகமணியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் பாய்லர் ஓட்டுநர் பர்வீன், டீ சொல்லப் போனவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

பாய்லர் அறையில் விறகுக்கட்டிகள் எரியும் வெக்கை முகத்தில் அடித்தது. திலகவதி கையடக்கச் செவியை எடுத்துப் பாய்லரின் பின்தட்டில், தகடுகளை வெல்டிங் செய்து இணைத்த பற்றவைப்பு ஓடும் இடத்தில் வைத்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல ஒரு சத்தம். விட்டு விட்டு வரவில்லை. தொடர்ந்து பொரிந்துகொண்டிருந்தது.

அவள் இயர்போனைக் கழற்றினாள். துறை ஒட்டியிருந்த வில்லையைத் தேடினாள். அது இருக்க வேண்டிய இடத்தில் பசையின் வட்டத் தழும்புதான் இருந்தது.

"எங்கே பர்வீன்?"

பர்வீன் பேசாமல் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே அடைத்த பஞ்சுக்கு நடுவில் பழைய கைப்பேசி ஒன்று. அதன் முதுகில் வில்லை ஒட்டியிருந்தது. கைப்பேசி மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"இது எந்தப் பாய்லரோட சத்தம்?"

"எங்க பாய்லருதுதானுங்க," என்றாள் பர்வீன். குரல் உடைந்தது. "நல்லா இருந்தப்ப பதிஞ்சு வெச்சதுங்க."

திலகவதி அந்தப் பெட்டியை மூடினாள். பிறகு நாகமணியிடம் திரும்பினாள்.

"எல்லாரையும் வெளியே அனுப்புங்கக்கா. இப்பவே."

"மேடம், ஒரு வார்த்தை கேளுங்க." நாகமணி குரலை உயர்த்தவில்லை. "ஆடி மாசம் மஞ்ச விளக்கு எரிஞ்சுதுங்க. இன்னுங் கொஞ்சம் எச்சாயிருந்தா நிறுத்தம் உழுந்திருக்கும். நிறுத்தம்னா வாசல்ல இருக்கற போர்டு சைபருக்குப் போயிருமுங்க. பக்கத்துப் பட்டறைக்கு அப்படித்தான் ஆச்சு. அடுத்த வாரமே சரக்குக் கொடுக்கறவிய எல்லாம் கைகழுவிப்போட்டாங்க. அங்க வேலை பாத்தவிய இன்னைக்குத் தறிக்குடோன்ல கூட்டிப் பெருக்கறாங்க. எங்களுக்கும் அந்தக் கதி வரோணுமுங்களா?"

"பாய்லர் வெடிச்சா என்ன கதிக்கா?"

"ரெண்டே நாளுங்க. சரக்கு கப்பலுக்குப் போயிருச்சுன்னா நாங்களே நிறுத்திக்கறோம். புதுப் பாய்லருக்குச் சொல்லியாச்சு. மொதலாளி தொழிலாளிய ஏச்சுப்போடுவான்னுதானுங்க உங்க சட்டம்? இங்க மொதலாளியே நாங்கதானுங்க. எங்க பாய்லரு, எங்க உசுரு. வெசனப்பட வேண்டியது நாங்கதானே?"

 அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று திலகவதியால் சொல்ல முடியவில்லை. பதினைந்து வருடமாக அவள் முதலாளிகளிடம் பேசிப் பழகியவள். எதிரே நிற்பது அப்படிப்பட்ட முதலாளி இல்லை. பிறகு அவள் கண் நாகமணியின் கைக்குப் போயிற்று.

"உங்க விரல் போன அன்னைக்கு அந்த மெஷினுக்கு மூடி இல்லைன்னு முதலாளிக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாமயா? ஆர்டர் முடியட்டும், மாட்டிக்கலாம்னான்."

"எத்தனை நாள்ல முடியும்னான்?"

"ரெண்டு நாளுன்னானுங்க," என்றாள் நாகமணி, குரல் இறங்கி.

"அந்த நாற்காலியில யார் உக்காந்தாலும் இதே ரெண்டு நாளைத்தான் கேக்கறாங்க," என்றாள் திலகவதி. "ஆணோ பொண்ணோ, ஒருத்தரோ அறுபது பேரோ. நீங்க இப்ப முதலாளி. உங்ககிட்டேருந்தும் உங்களை நான் காப்பாத்தணும். அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்."

 நாகமணி தன் கையை ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் இருந்த சங்குப் பொத்தானைத் தானே போய் அழுத்தினாள்.

சங்கு பிடித்ததும் பெண்கள் சாயத் தொட்டிகளை விட்டு வெளியே வந்தார்கள். என்ன, ஏது என்று கேட்டவர்களை நாகமணி, "பேச்சு அப்பறம், நடங்க! மதிலைத் தாண்டி ரோட்டுக்குப் போங்க!" என்று விரட்டினாள். பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் ஓடியது.

ஆனால் விறகு உலையை விளக்கைப் போல அணைத்துவிட முடியாது. கனலை வாரி வெளியே எடுக்க வேண்டும். உள்ளே அடைந்திருக்கும் நீராவியைக் கூரைக்குழாய் வழியாகச் சிறுகச் சிறுக விட வேண்டும். அப்படியே விட்டுவிட்டு ஓடினால் அழுத்தம் ஏறும்.

"நீங்களும் போயிருங்க மேடம்," என்றாள் பர்வீன், நீளக் கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டே. "இது ஒரு ஆள் வேலைதானுங்க."

"நிறுத்தச் சொன்னது நான். நான் எங்கே போறது? குழாயை எவ்வளவு திறக்கணும், சொல்லு."

"ஒரு சுத்துக்கு மேல வேண்டாமுங்க. சட்டுனு தொறந்தா உள்ள இருக்கற தண்ணி குலுங்கிரும். அந்தக் குலுக்கல்லயே போயிரும்."

பர்வீன் கனலை வாரி வாரி மணல் தொட்டியில் கொட்டினாள். திலகவதி அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி குழாயின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் கையைச் சுட்டது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். முள் இறங்க மனமில்லாததைப் போல நடுங்கி நடுங்கி இறங்கிற்று.

"பயமா இல்லையா பர்வீன்? இந்த மூணு மாசமா?"

"தெனமும் பயந்தானுங்க. காலையில பத்தவெக்கறப்ப பிஸ்மி சொல்லித்தான் பத்தவெப்பேன். வேற ஆளை இந்த ரூமுக்குள்ள உட்டதில்லீங்க. போனா நான் ஒருத்தியாப் போகட்டும்னு நெனச்சேன்."

"நீ ஒருத்தியாப் போக மாட்டே. இந்தச் சுவரும் போகும், அந்தப் பக்கம் துணி மடிக்கறவங்களும் போவாங்க."

பர்வீன் கம்பியை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் கரி. "அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேனுங்க," என்றாள்.

முள் கால்பங்குக்குக் கீழே வந்திருந்தபோதுதான் அது நடந்தது. தகரத்தைக் கிழிப்பதைப் போல ஒரு சத்தம். பின்தட்டின் ஓரத்தில் பற்றவைப்பு வாயைப் பிளந்தது. கொதிநீர் சீறிக்கொண்டு எதிர்ச்சுவரில் அடித்து அறை முழுக்க வெள்ளைப் புகையாக எழுந்தது. பர்வீன் திலகவதியின் தோளைப் பிடித்துக் கதவுக்கு வெளியே தள்ளினாள். இருவரும் சேற்றில் போய் விழுந்தார்கள். திலகவதியின் முழங்கையில் தோல் வழன்றது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

சாலையில் நின்ற பெண்கள் கூரையிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தார்கள். முழு அழுத்தத்தில் அந்த வாய் பிளந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாகமணி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, விரலில்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வந்து சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

திலகவதி கட்டுப்போட்ட கையோடு அறிக்கை எழுதினாள். கொங்குமலர் செய்த குற்றத்தை அதில் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஆனால் அதோடு நிற்கவும் இல்லை. சென்னையிலிருந்து துறை இயக்குநர் திரையில் அழைத்தார்.

"வாசல் பலகைதான் காரணம்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பலகை நம்ம துறையோடது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப நம்ம துறையையே குற்றம் சொல்றீங்க."

"ஆமா சார். நிறுத்தம்கிறது உயிரைக் காப்பாத்தற ஏற்பாடு. நாம அதை அவமானம் ஆக்கிட்டோம். நிறுத்தாதவங்களுக்குக் கேடயம் கொடுத்தோம். செவி உண்மையைச் சொல்லணும்னா, சொன்னவங்க பொழப்பு போகக்கூடாது. நிறுத்தின நாளுக்கும் கூலி உண்டுன்னு சட்டம் வரணும். ரொம்ப நாள் நிறுத்தமே இல்லாத இடத்துக்குத்தான் நாம முதல்ல போகணும்."

"இதை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க. உங்க பதவி உயர்வுக் கோப்பு என் மேசையிலதான் இருக்கு."

"அறிக்கை அப்படியே இருக்கட்டும் சார்," என்றாள் திலகவதி.

அந்த வருடம் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. செய்தி வந்த அன்று மாலை அவள் அமல்தாஸுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாள். "எதுக்கு மேடம்?" என்று அவன் கேட்டதற்கு, "இடியைத் தெரிஞ்சு வெச்சதுக்கு," என்றாள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. "தொழிற்சாலையின் உரிமையாளர் யார்? முன்னே வரவும்," என்றார் நடுவர். பெண்கள் எல்லாருமே எழுந்து முன்னே வந்தார்கள். கூண்டில் இடம் போதாமல் மேசை வரைக்கும், கதவு வரைக்கும், வராந்தா வரைக்கும் நின்றார்கள். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வழக்கறிஞர் கருணை காட்டும்படி கேட்க எழுந்தபோது நாகமணி அவரைக் கையமர்த்தினாள்.

"கொறைச்சுப் போடச் சொல்லிக் கேக்கலீங்கய்யா. பொம்பளைங்க, பாவம், ஏழைங்கன்னு பாக்க வேண்டாமுங்க. மத்த மொதலாளிகளுக்கு என்ன போடுவீங்களோ, அதையே எங்களுக்கும் போடுங்க. நாங்க மொதலாளிங்கதானுங்க."

சாட்சியாக வந்திருந்த திலகவதி தலையைக் குனிந்துகொண்டாள். தன் கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

அபராதம் விழுந்தது. புதுப் பாய்லர் வந்து சேர்ந்து ஆய்வு முடியும் வரை பட்டறை மூடிக் கிடந்தது. பர்வீனின் பாய்லர் ஓட்டுநர் சான்று மூன்று வருடத்துக்கு முடக்கப்பட்டது; அவள் துணி மடிக்கும் பகுதிக்குப் போனாள். தினமும் பாய்லர் அறையைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். தாண்டும்போது ஒரு நொடி நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போவாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வாசல் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கூலிச் சட்டம் வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது, வந்தது.

மறு வருடம் பங்குனி வெயிலில் ஒருநாள் நாகமணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், நிறுத்திப்போட்டமுங்க. பூட்டு உழுந்திருச்சு. நீங்க வந்து பாத்துத் தொறந்து உடோணும்."

திலகவதி கேட்பறைக்கு ஓடினாள். அமல்தாஸ் உதட்டைப் பிதுக்கினான். "செவி ஒண்ணும் சொல்லல மேடம். இது நெஜமாவே நல்ல சத்தம். யாரோ கையால நிறுத்தியிருக்காங்க."

போனபோது பெண்கள் எல்லாரும் வெளியே தகரக்கொட்டகை நிழலில் இருந்தார்கள். திலகவதி பாய்லரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பற்றவைப்பு, குழாய், அழுத்தமானி, காற்றாடி. சாய இயந்திரங்களின் மூடிகளைத் தட்டிப் பார்த்தாள். மின்கம்பிகளைப் பார்த்தாள். மதியம் தாண்டிவிட்டது. எங்கும் ஒரு குறையும் இல்லை.

"யார் நிறுத்தினது?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"குப்பாயிங்க. வேலைக்குச் சேர்ந்து மூணு நாளுங்க," என்றாள் நாகமணி.

"எதுக்காக நிறுத்தினீங்க குப்பாயி?"

"ரப்பர் கருகற மாதிரி ஒரு வாசம் வந்துச்சுங்க." அவள் திலகவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத்தான் அப்படித் தோணிப்போச்சாட்டம் இருக்குது. இருபது வருசமா மில்லுல இருந்தேனுங்க. அங்க எத்தனையோ நாள் எத்தனையோ வாசம் வந்திருக்குது. சொன்னா மேஸ்திரி வையுவான். இங்க யார் வேணா நிறுத்தலாம்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்களா... கை அதுவா நிறுத்தற பொத்தானுக்குப் போயிருச்சுங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு இத்தனை பேரு வேலையக் கெடுத்துப்போட்டேன். என்னைய அனுப்பிருவாங்களா மேடம்?"

திலகவதி பதில் சொல்வதற்குள் கேட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. துணி மடிக்கும் பகுதியிலிருந்து கடைக்குப் போயிருந்த பர்வீன், இரண்டு கைகளிலும் பெரிய பொட்டலங்களோடு இறங்கினாள். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்ததும் ஜிலேபி வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள் திலகவதி.

நாகமணிக்கு முகமெல்லாம் பெருமை. "என்ன மேடம் இப்படிக் கேட்டுப்போட்டீங்க? வந்து மூணு நாளுங்க. இன்னும் எங்க பேருகூட அவளுக்கு முழுசாத் தெரியாது. மொத்தப் பட்டறையவும் நிறுத்திப்போட்டாளுங்க! எனக்கு ரெண்டு வெரலு போயும் அந்தத் தைரியம் வரதுக்கு எத்தனையோ வருசம் ஆச்சுங்க."

முதல் ஜிலேபியை அவள் குப்பாயியின் கையில் வைத்தாள். குப்பாயி அதை வாயில் வைக்காமல் திலகவதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடுங்க," என்றாள் திலகவதி. "இன்னொரு நாள் வாசம் வந்தாலும் இதேபோல நிறுத்துங்க. நான் வந்து பாக்கறேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போறதுதான் எனக்கும் பிடிச்ச வேலை."

"இவ இப்படியே நிறுத்துனா ஜிலேபி வாங்கியே சங்கம் திவாலாயிருமுங்க," என்றாள் பர்வீன். கொட்டகையே சிரித்தது.

திலகவதி உள்ளே போய்த் தன் கையால் பூட்டைத் திறந்தாள். காற்றாடி சுழலத் தொடங்கியது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்கள் யாரும் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே குப்பாயி, கட்டியிருந்த கைகளை எடுத்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே போனாள்.